ஒற்று விட்ட இடம்

எங்கள் பக்கத்தில் தமிழாசிரியர் கூட்டம் எது நடந்தாலும், தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து எல்லோரும் உட்கார்ந்துவிட்ட பிறகு ஒருவர் மட்டும் உட்காராமல் நிற்பார். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு சிவப்புப் பேனா. மேடையில் இருக்கிறவர்களை அவர் பார்க்க மாட்டார். அவர்கள் தலைக்கு மேல் கட்டியிருக்கிற பிளக்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதைக் கண்டதுமே கூட்டம் நடத்துகிறவர்களும் திரும்பிப் பிளக்ஸை ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் பார்ப்பார்கள்.

"ஐயா, மன்னிக்கணும். 'மொழி பயிற்சி'ன்னு போட்டிருக்குது. 'மொழிப் பயிற்சி'ங்க. ப் எங்க போச்சு?"

"கடைக்காரன் விட்டுட்டான் ஐயா."

"கடைக்காரன் விடலாம். கீழ உக்காந்திருக்கிற நாம இத்தினி பேரும் விடலாமா?"

கேட்டுவிட்டு அவரே துணிப்பையிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டு மேடை ஏறுவார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறி, விட்டுப்போன எழுத்தை இடுக்கில் நுழைப்பார். ஒரு முறை அந்த நாற்காலி நாலு காலையும் விரித்துவிட்டது. மாவட்டத்திலிருந்து வந்திருந்த அதிகாரியின் காலடியில் மனிதர் பொத்தென்று விழுந்தார். நாங்கள் பதறி ஓடினோம். அவர் தரையில் கிடந்தபடியே மேலே பார்த்து, "புள்ளி வச்சிட்டேன்" என்றார். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் பயிற்சி அரை மணி தள்ளித்தான் தொடங்கியது.

முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் 'ஒற்று ஐயா'. பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஒற்று ஐயா என்றால் திண்டிவனம் வரைக்கும் தெரியும். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய ஒரு பள்ளியில் அவர் இருந்தார். நான் அனுமந்தையில் இருக்கிறேன். பயிற்சி நாளில் எங்கள் இருவருக்கும் பெரும்பாலும் ஒரே மேசை விழும். பத்துப் பன்னிரண்டு வருடம் அப்படி உட்கார்ந்திருக்கிறோம். அவர் வீட்டுக்கு நான் போனது கிடையாது. அவர் என் வீட்டுக்கு வந்தது ஒரே தடவை, புதுமனைப் புகுவிழாவுக்கு. வாசலில் பரிசைக் கொடுத்துவிட்டு, கூடவே நான் அனுப்பியிருந்த அழைப்பிதழையும் திருப்பிக் கொடுத்தார். அதில் மூன்று சிவப்பு வட்டம்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அடுத்த விசேஷத்துக்கு உதவும்."

"இவரு சாப்பிட வந்தாரா, பேப்பர் திருத்த வந்தாரா?" என்றார் என் வீட்டுக்காரர். நான் அழைப்பிதழை மடித்து ஒளித்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவள் வீட்டு அழைப்பிதழில் மூன்று பிழை என்றால் யாருக்கு வெட்கம்?

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவர் கிளப்பிய பிரளயங்கள் தனி. பேரன் பிறந்த செய்தியை ஒருவர் போட, எல்லோரும் 'வாழ்த்துக்கள்' என்று போட, இவர் கீழே 'வாழ்த்துகள்' என்று மட்டும் போட்டார். வேறு ஒன்றும் எழுதவில்லை. சண்டை மூன்று நாள் நடந்தது. பேரன் பெற்றவர் உட்பட நான்கு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவரைப் போல் நோட்டுத் திருத்துகிறவரை நான் கண்டதில்லை. நாங்கள் எல்லாம் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டுத் தள்ளுகிறவர்கள். நாற்பது நோட்டை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போவோம். அவர் எழுத்தெழுத்தாகப் பார்ப்பார். சோற்றில் கல் பொறுக்குவது போல் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். பிழை இருந்தால் வட்டம். பக்கம் முடிந்தால் கீழே பெரியதாக ஒரு டிக். காலையில் வாங்கிய நோட்டை மாலை மணி அடிப்பதற்குள் கொடுத்துவிடுவார். உப்பளத்துப் பிள்ளைகள்தானே, இவ்வளவு எதற்கு என்று யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.

"உப்பளத்துப் பிள்ளைங்கன்னா மெய் வேணாமா அதுக்கு? மெய்யை விட்டுட்டு எழுதாதீங்கன்னு நான் தினமும் சொல்றேம்மா."

ஒற்றை அவர் எப்போதும் மெய் என்றுதான் சொல்வார். எனக்கு அவர் மேல் எரிச்சல் இருந்தது. உண்மையைச் சொன்னால் பொறாமையும் இருந்தது.

அந்த மார்கழி மாதப் பயிற்சியைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. மரக்காணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஜன்னலைத் திறந்தால் உப்பளம் தெரியும். மழை முடிந்து பாத்தி எல்லாம் ஒரே தண்ணீராக நின்றது. ஆளுக்கு ஒரு மாணவர் நோட்டு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மேசைக்கு ஒரு வாக்கியம் எடுத்து, பொதுவாக வருகிற பிழையைப் பலகையில் எழுதி விளக்க வேண்டும். அதுதான் அன்றைய செயல்பாடு. எங்கள் மேசையில் ஐந்து பேர். மற்ற நான்கு பேரும் பேருக்கு ஒன்றைக் கொண்டுவந்திருந்தோம். அவர்தான் முந்தின நாள் திருத்திய பத்தாம் வகுப்பு நோட்டைப் பக்கம் மடித்து எடுத்து வந்திருந்தார். கடித வினா. பொங்கல் விடுமுறைக்கு உன் ஊருக்கு வருமாறு தோழியை அழைத்துக் கடிதம் எழுதுக.

"கடைசி வரியை எடுப்போம்மா. நல்ல மாதிரி. உங்க கையெழுத்து அழகா இருக்குது, நீங்களே எழுதுங்க."

அவர் கட்டைவிரலை வைத்துக் காட்டிய வரியை மட்டும் பார்த்து நான் பலகையில் எழுதினேன்.

'இனிமேல் இந்த முகவரிக்கு கடிதம் போடாதே.'

அவர் எழுந்து விளக்கினார். கு என்னும் நான்காம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்திருக்கிறது, எதிரில் வல்லினம், ஆகவே முகவரிக்குக் கடிதம், க் மிகும். அரங்கமே கேட்டது. பின்வரிசையிலிருந்து ஒருவர், 'போடாதே' பேச்சு வழக்கு, 'எழுதாதே' என்றல்லவா வர வேண்டும் என்றார். 'இனிமேல்' ஒரு சொல்லா, 'இனி மேல்' என்று பிரிக்க வேண்டுமா என்று ஓர் அம்மா எழுந்தார். அரை மணி நேரம் வாதம் நடந்தது. நானும் இரண்டு முறை எழுந்து பேசினேன். பயிற்சி கொடுக்க வந்த கருத்தாளர் மகிழ்ந்துபோய்ப் பலகையைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார். அதற்குக் கீழே கைதட்டும் பொம்மைகள் வரிசையாக விழுந்தன.

தோழியை வா என்று அழைக்கச் சொன்ன கடிதத்தில், இனிமேல் எழுதாதே என்று ஒரு பெண் ஏன் எழுதினாள்? இலக்கியம் படித்து, இலக்கியம் நடத்திச் சம்பளம் வாங்குகிற அத்தனை பேர் அங்கே இருந்தோம். ஒருவர் வாயிலும் அந்தக் கேள்வி வரவில்லை. தேர்வுக் கடிதம் என்றால் எங்களுக்கு எல்லாம் பொய். பொய்ப் பெயர், பொய் முகவரி, கோனார் உரையில் வந்த நலம் விசாரிப்பு. அதில் ஒரு பிள்ளை உண்மையாக எழுதியிருக்கும் என்று யார் நினைத்தது? மதியம் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். ஒரு மதியம் அவரிடமிருந்து போன் வந்தது. பயிற்சி நாள் தவிர அவர் என்னை அழைத்ததே இல்லை.

"அம்மா, அன்னிக்கிப் போர்டுல எழுதினீங்களே ஒரு வாக்கியம், ஞாபகம் இருக்குதுங்களா?"

"முகவரிக்குக் கடிதம். ஏன் ஐயா?"

"இன்னிக்கி வகுப்புல வேற்றுமை நடத்துறேன். அதையே உதாரணமா எழுதிப்போட்டேன். பொண்ணுங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிச்சுங்க. ஒரு பொண்ணு எந்திரிச்சு, 'சார், அது அவ எழுதுனது சார், அவ போயிட்டா சார்'னு சொல்லிச்சு. எங்க போயிட்டான்னு கேட்டேன். 'கல்யாணம் ஆயிடிச்சு சார்'னுது. பொங்கல் லீவு முடிஞ்சி அது வரலம்மா. நான் வருகைப் பதிவுல ஆப்சென்ட் போட்டுக்கிட்டே இருந்திருக்கேன். அந்த வீட்டுக்குப் போகணும். தனியா போக எனக்குத் தைரியம் இல்ல. நீங்க வருவீங்களா?"

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு என் ஸ்கூட்டியில் போனேன். அவர் பள்ளி வாசலில் காத்திருந்தார்.

அந்தப் பெண்ணின் அம்மா உப்பளத்தில் இருந்தாள். தை மாதத்தில் அங்கே உப்பு இருக்காது. மழைத் தண்ணீரை இறைத்துவிட்டுச் சேற்றை மிதித்து மிதித்துப் பாத்தி கட்டுகிற காலம். ஏழெட்டுப் பேர் வரிசையாகக் கைகோத்து மிதித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அவள் மட்டும் வரிசையை விட்டு வரப்புக்கு வந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. சாரை அவளுக்குத் தெரிந்திருந்தது. முகத்தில் கோபம் இல்லை. மரியாதைதான் இருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"எந்தம்பிக்குத்தான் சார் குடுத்தோம். கோயில்ல வச்சி முடிச்சிட்டோம். கிளியனூரு தாண்டி உள்ளார. நல்லாத்தான் வச்சிருக்கான்."

"பதினஞ்சு வயசும்மா அதுக்கு" என்றேன் நான்.

"தெரியும் டீச்சர். எனக்கு மனசே இல்ல. பத்தாவது எழுதட்டும்னுதான் சொன்னேன். எங்கூட்டுக்காரரு கேக்கல, அப்புறம் நானும் சரின்னுட்டேன்." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "ஆனா சாருக்குத் தெரியும்னு பொண்ணு சொல்லிச்சே சார். நோட்டுல எழுதிக் குடுத்துட்டேன், சார் பாத்து சொல்வாருன்னு ரெண்டு நாளா அதே பேச்சு. நீங்க நோட்டு குடுத்த அன்னிக்கி ஓடியாந்துச்சி. எனக்குப் படிக்கத் தெரியாது. சார் இன்னாடி எழுதியிருக்காருன்னு கேட்டேன். பிரிச்சிப் பாத்துட்டுப் பேசாம குந்திடுச்சி. அவரு வந்து புடுங்கிப் பாத்தாரு. கீழ பெருசா டிக்கு போட்டிருந்துச்சி. 'பாரு, சாரே ரைட்டு போட்டுட்டாரு, உனுக்கு இன்னாடி'ன்னாரு. அதுக்கப்புறம் அது வாயே தொறக்கல சார். நானும் விட்டுட்டேன்."

அவர் வரப்பின் மேல் நின்றபடி செருப்பைச் சேற்றிலிருந்து பிடுங்கப் பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டார்.

"அந்த டிக் அதுக்குப் போட்டது இல்லம்மா."

"பின்ன எதுக்கு சார்?"

"எழுத்துக்குப் போட்டது."

"எழுத்துக்குன்னா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்த நோட்டு இருக்கிறதா என்று அவளிடம் கேட்டார். அந்த அம்மா வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். மேஸ்திரி கூப்பிடுவதற்குள் போக வேண்டும் அவளுக்கு. வீடு பக்கத்தில்தான், ஓடிப்போய் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இனிமே அதுக்கு எதுக்கு சார், நீங்களே வச்சிக்கிங்க" என்றாள். அட்டையில் அவள் விரல் சேறு ஒட்டிக்கொண்டது.

வரப்பிலேயே நின்று அந்தக் கடிதத்தை நான் முதல் தடவையாக முழுதாகப் படித்தேன்.

'அன்புள்ள தோழிக்கு, நலம். நீ நலமா? பொங்கலுக்கு உன்னை ஊருக்கு அழைத்து எழுத சொன்னார்கள். நீ வர வேண்டாம். பொங்கலுக்கு பிறகு நான் இங்கே இருக்க மாட்டேன். மாமா வீட்டில் எனக்கு தனி அறை கட்டி இருக்கிறார்கள். ஜன்னலுக்கு பச்சை அடித்து இருக்கிறார்கள். எனக்கு பச்சை பிடிக்கும் என்று யாரோ சொன்னார்களாம். அம்மா அழுகிறாள். ஆனால் புடவை வாங்கி விட்டார்கள். பத்தாம் வகுப்பு தேர்வு எழுத ஆசை. யார் சொன்னாலும் அம்மா கேட்க மாட்டாள். சார் சொன்னால் கேட்பாள். இனிமேல் இந்த முகவரிக்கு கடிதம் போடாதே.'

ஏழு சிவப்பு வட்டம் இருந்தது. ஓரத்தில், 'வினாவுக்கு ஏற்ற விடை இல்லை, நடை நன்று' என்று எழுதி, எட்டுக்கு ஐந்து போட்டிருந்தார். உறைமேல் முகவரிக்கு ஒரு கட்டம் வரைந்து அதற்குள் அவள் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள். அதற்கு ஒரு மதிப்பெண் குறைத்திருந்தார். 'சார் சொன்னால் கேட்பாள்' என்ற வரியில் மட்டும் ஒரு பிழையும் இல்லை. அதனால் அதன் மேல் சிவப்பு மையே படவில்லை.

பயிற்சி நடந்த அன்று அவள் இன்னும் அந்த ஊரில்தான் இருந்தாள். நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, அந்த ஜன்னலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தாள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சாக்பீஸ் பிடித்த விரல்கள் கூசுகின்றன.

குழந்தைத் திருமணம் என்று கலெக்டர் அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். வந்தார்கள், விசாரித்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். அதற்குள் மாப்பிள்ளை வீடு பூட்டிக் கிடந்தது. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்தச் சூளை, எந்த ஊர் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிச் சூளை சூளையாகப் போனார். பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும் வரைக்கும் போனார். அவள் நுழைவுச்சீட்டு அவர் பையிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு கூட்டங்களில் அவர் எழுந்து நிற்பதில்லை. முதல் தடவை, 'இலக்கிய கருத்தரங்கம்' என்று மேடை நிறையப் பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். வாழ்த்து முடிந்ததும் எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் எல்லோருக்கும் முன்பாக உட்கார்ந்துவிட்டிருந்தார். தலை குனிந்திருந்தது. "ஐயாவுக்கு வயசாயிடிச்சு" என்றார் ஒருவர். சர்க்கரை ஏறிவிட்டது என்றார் இன்னொருவர். எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. சொன்னால் பலகையில் எழுதியது யார் என்ற கேள்வியும் கூடவே வருமே!

நோட்டுத் திருத்துவதையும் அவர் மாற்றிக்கொண்டார். வட்டம் இல்லை, டிக் இல்லை. பக்கத்தின் கீழே 'படித்தேன்' என்று ஒரு சொல், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்வி. 'தம்பிக்குக் காய்ச்சல் சரியாகிவிட்டதா?' 'அப்பா திரும்பி வந்தாரா?' பார்வையிட வந்த அதிகாரி நோட்டைப் புரட்டிவிட்டு, "திருத்தம் எங்கய்யா? இத்தினி பிழை அப்படியே கெடக்குது" என்று சத்தம் போட்டாராம். விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்தது. அதற்கு இவர் எழுதிய பதிலில் இரண்டு ஒற்றுப்பிழை இருந்ததாகக் கேள்விப்பட்டேன். வேண்டுமென்றே விட்டாரா, கண்ணில் படவில்லையா, தெரியாது.

இரண்டு வருடம் கழித்து ஓய்வு பெற்றார். கடைசிப் பயிற்சி நாளன்றே பாராட்டையும் சேர்த்து வைத்தோம். அதே பள்ளி, அதே ஜன்னல். 'பணி நிறைவு பாராட்டு விழா' என்று பிளக்ஸ். ப் இல்லை. அவரைச் சீண்டுவதற்காகவே விட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. வந்தவர்கள் எல்லோரும் நாற்காலி விழுந்த கதையைத்தான் சொன்னார்கள். அரங்கம் சிரித்துக்கொண்டே இருந்தது. பயனாடை போர்த்தினார்கள். ஏற்புரைக்கு அழைத்தார்கள்.

அவர் துணிப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அட்டையில் காய்ந்த சேற்றைப் பார்த்ததும் எனக்கு எந்த நோட்டு என்று தெரிந்துவிட்டது.

"ஒரு கடிதம் படிக்கிறேன்" என்றார். வேறு முன்னுரை இல்லை. படித்தார். அவள் எழுதியது எப்படியோ அப்படியே, ஓரிடத்திலும் ஒற்றைச் சேர்க்காமல், மெதுவாகப் படித்தார். பொங்கலுக்கு பிறகு. எனக்கு தனி அறை. ஜன்னலுக்கு பச்சை. அந்த வாயிலிருந்து அப்படிக் கேட்டதில் முன்வரிசைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏதோ விளையாட்டுக் காட்டுகிறார், பரீட்சை வைக்கிறார் என்று நினைத்தார்கள். சார் சொன்னால் கேட்பாள் என்ற இடத்தில் அவர் குரல் உடைந்தது. மைக் சரியில்லை என்று ஒருவர் எழுந்துபோய் ஒயரை ஆட்டினார்.

"இனிமேல் இந்த முகவரிக்கு கடிதம் போடாதே."

மூன்றாம் வரிசையில் புதிதாக வேலைக்கு வந்த ஓர் ஆசிரியர் துள்ளி எழுந்தார். முகமெல்லாம் மகிழ்ச்சி. "ஐயா, முகவரிக்குக் கடிதம். க் மிகும்!"

கைதட்டல் எழுந்தது. அரங்கம் முழுவதும் தட்டியது. அவர் நோட்டை மூடாமல், தட்டி முடியும் வரைக்கும் காத்திருந்தார்.

"மிகும்பா" என்றார். "வேற யாராவது ஏதாவது கேக்கணுமா?"

மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். என் ஒரு வார்த்தை போதும், அந்தப் பெண் யார் என்று நான் எழுந்து கேட்டால் போதும். அதற்காகத்தான் அவர் நின்றுகொண்டிருந்தார். நான் மடியில் இருந்த காகிதத்தைப் பார்த்தேன்.

அவர் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். நேரமாகிவிட்டது, அடுத்து நன்றியுரை என்று அறிவித்தார்கள். நன்றியுரை என்னுடையது. எழுந்து போனேன். தலைமை தாங்கியவரிலிருந்து பந்தல் போட்டவர் வரைக்கும் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் நன்றி சொன்னேன். ஓர் ஒற்றும் விடவில்லை.